வெள்ளவத்தையில பழைய வீட்டுக்கு முழு ரீவயரிங்: எவ்வளவு முடிஞ்சுது, வேலை எப்பிடி

முதலே சொல்லிடுறன், மொத்தம் 431,000 ரூபா முடிஞ்சுது. வயரிங் மட்டும் எண்டா 369,800, மிச்சம் மேசனுக்கும் பெயின்டுக்கும். வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடல் பக்கமா இறங்குற ஒரு ஒழுங்கையில மூண்டு ரூம் வீடு, மாடி இல்லை, அப்பா 1978 இல கட்டினது. வேலை நடந்தது 2025 ஓகஸ்ட். தொகையைப் பாக்க மட்டும் வந்த ஆக்கள் இதோட போகலாம், ஆனா அதை வச்சு உங்கட வீட்டுக்கு கணக்குப் போடாதேங்கோ, ஏன் எண்டா எனக்கு வந்த மூண்டு எஸ்டிமேட்டும் 95,000, 340,000, 675,000 எண்டு ஒண்டுக்கொண்டு சம்பந்தமே இல்லாமல் கிடந்துது, மூண்டு பேருக்கும் காட்டினது ஒரே வீட்டைத்தான்.

ஏன் செய்ய வெளிக்கிட்டனாங்கள் எண்டா, வோஷிங் மெஷின். ஈரக் கையோட மூடியைத் தொட்டா எறும்பு கடிச்ச மாதிரி சுர்ர்ர் எண்டும். அம்மா ரெண்டு வருசமா செருப்புப் போட்டுக்கொண்டுதான் உடுப்புத் தோய்க்கிறா, எனக்கு ஒரு நாளும் சொல்லேல்ல, "அது அப்பிடித்தான் தம்பி, பழகிட்டுது" எண்டு. என்ர மனுசிக்கு ஒரு நாள் கரண்ட் அடிச்ச பிறகுதான் வீட்டில கதை வெளிக்கிட்டுது.

இதுக்கு முந்தின கதை ஒண்டும் இருக்கு. 2019 இல எங்கட டிரிப் சுவிட்ச் வாரத்துக்கு ஒருக்கா சும்மா சும்மா விழும், வீடு முழுக்க கரண்ட் போகும், அனேகமா ஞாயிறு பின்னேரத்தில. அப்ப ஒரு பாஸ் (வயரிங் வேலை செய்யுறவர்) வந்தவர், பேர் வேண்டாம், அரை மணித்தியாலம் நோண்டிப்போட்டு "சுவிட்ச் பழுது, இனி விழாது" எண்டு 2,500 ரூபா வாங்கிக்கொண்டு போனவர். உண்மையாவே பிறகு விழேல்ல. நாங்களும் நல்ல பாஸ் எண்டு அந்த மனுசனை ரெண்டு வீட்டுக்கு ரெக்கமண்ட் பண்ணினாங்கள். அவர் என்ன செய்தவர் எண்டது ஆறு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, பிறகு வாறன் அதுக்கு.

சரி எஸ்டிமேட். முதல் ஆள் வீட்டுக்கே வரேல்ல. வட்ஸ்அப்பில ஃபோட்டோ அனுப்பச் சொன்னவர், அனுப்பினன், பத்து நிமிசத்தில வொய்ஸ் வந்துது, ஒரு பொயின்டுக்கு (லைட்டோ பிளக்கோ வாற ஒரு இடம்) 1,800, டீபீ (மெயின் சுவிட்ச் பெட்டி) எல்லாம் சேத்து ஒரு 95 எடுங்கோ, நாலு நாள்ல முடிச்சுத் தாறன் எண்டு. சாமான் காசு இதுக்குள்ளயா எண்டு கேட்டன், "சாமான் உங்கட" எண்டவர். சுவர் வெட்டுறது? "அது மேசன்ர வேலை". பழைய வயர் கழட்டுறது? "அதுக்கு ஒரு ஆள் போடோணும், நாள் கூலி". டெஸ்ட்? சிரிச்சவர். இப்பிடிக் கேட்டுக் கேட்டு எழுதிப் பாத்தா 95 எண்டது அவரின்ர கை மட்டும் எங்கட வீட்டுக்குள்ள வாறதுக்கான காசு.

ரெண்டாவது ஒரு கொம்பனி. ரெண்டு பெடியங்கள் ஷேர்ட் போட்டுக்கொண்டு டெப்லெட்டோட வந்தாங்கள், வாறதுக்கே 5,000, அது திருப்பித் தரமாட்டினம். மரியாதையான பெடியங்கள்தான், ஆனா டீபீயின்ர மூடியைத் திறக்கவே இல்லை, ரூம் ரூமா எண்ணிக்கொண்டு போனதுதான். மூண்டு நாள் கழிச்சு பீடிஎஃப் வந்துது, 675,000, "கம்ப்ளீட் பக்கேஜ்". எந்த சைஸ் வயர், எத்தனை எம்சீபீ (லைனுக்கு ஒண்டா டீபீக்குள்ள இருக்கிற சின்ன சுவிட்ச்), எந்த பிராண்ட், ஒண்டும் இல்லை. கேட்டா "ஹை குவாலிட்டி மெட்டீரியல் சேர்" எண்டு பதில். எனக்கு அந்த 95 ஆளை விட இவையளிலதான் கூடக் கோவம் வந்தது, அவர் பாவம் கேட்டதுக்கு பதிலாவது சொன்னவர்.

மூண்டாவது ஆள்தான் வேலை செய்தவர். மொரட்டுவை பக்கத்து பாஸ், ஒரு அம்பது வயசிருக்கும், கூட ஒரு ஹட்டன் பெடியன். பேரும் நம்பரும் போடேல்ல, அவரே வேண்டாமெண்டவர், இருக்கிற வேலைக்கே ஆளில்லையாம். பாக்க வர 3,500, வேலை குடுத்தா பில்லில கழிப்பன் எண்டு முதலே சொன்னவர். வந்து தேத்தண்ணி கூடக் குடிக்காமல் நேரா போய் டீபீயைத் திறந்தார். திறந்து பாத்திட்டு பெடியனைக் கூப்பிட்டு காட்டினார், ரெண்டு பேரும் சிங்களத்தில ஏதோ கதைச்சு சிரிச்சினம், எனக்கு வயித்தைக் கலக்கிட்டுது.

என்னெண்டா, 2019 பாஸ் டிரிப் சுவிட்ச்சைத் திருத்தவே இல்லை. அதைச் சுத்தி நேரா வயர் குடுத்து விட்டிட்டுப் போயிருக்கிறார். சுவிட்ச் சும்மா சோடனைக்கு நிக்குது. டெஸ்ட் பட்டனை அமத்தினா விழாது. ஆறு வருசமா சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியுற வீடு.

இந்த இடத்தில கொஞ்சம் விளக்கமா சொல்லோணும், ஏன் எண்டா கன பேர் டிரிப் சுவிட்ச் எண்டது ஓவர்லோடுக்கு எண்டு நினைக்கினம். ஓவர்லோட், ஷோர்ட் எல்லாம் எம்சீபீயின்ர வேலை. டிரிப் சுவிட்ச் பாக்கிறது வேற. லைவில போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலால திரும்பி வருதா எண்டு மட்டும்தான் அது பாக்கும். எங்கையாவது ஒழுகி, உங்கட உடம்பாலயோ ஈரச் சுவராலயோ நிலத்துக்குப் போச்சுதெண்டா அந்த வித்தியாசத்தைக் கண்டு விழும். வீட்டுக்குப் போடுறது 30 மில்லி ஆம்பியர். அதோட எங்கட நாட்டில வீட்டுக்கு வீடு சொந்தமா எர்த் கம்பி அடிக்கிற முறை, ஒழுகுற கரண்ட் மண்ணுக்குள்ளால போய்த்தான் திரும்போணும், மண்ணுக்குள்ளால போற கரண்ட் எம்சீபீயை விழுத்துற அளவுக்கு வராது. அதால இங்க டிரிப் சுவிட்ச் இல்லாத வீடு எண்டா ஒண்டுமே இல்லாத வீடு மாதிரித்தான். அடிக்கடி விழுது எண்டா எங்கையோ ஒழுகுது எண்டு அர்த்தம், ஒழுகலைத் தேடுறதுக்கு அரை நாள் வேணும், வயரை மாத்திக் குடுக்க அஞ்சு நிமிசம் போதும், ரெண்டுக்கும் வாங்குறது ஒரே 2,500 எண்டா எதைச் செய்வினம் எண்டு நீங்களே யோசியுங்கோ.

எர்த் கதை இன்னும் நல்ல பகிடி. பழைய வீடுகள்ல எர்த் வயரை தண்ணி பைப்பில கட்டி விடுறது வழக்கம், அப்ப பைப் எல்லாம் இரும்பு, அது நிலத்துக்குள்ளால போகும், எர்த்தும் கிடைக்கும். எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். 2021 இல பைப் துருப்பிடிச்சு தண்ணி சிவப்பா வருது எண்டு பிளம்பர் வந்து முழுக்க பீவீசீக்கு மாத்தினவர். அண்டையோட எர்த் போச்சு. பிளம்பருக்கு அது தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வயர் இப்பவும் பாத்ரூமுக்கு பின்னால ஒரு துண்டு இரும்பு பைப்பில வடிவா கட்டித்தான் இருக்கு, பைப்தான் எங்கையும் போகேல்ல. வோஷிங் மெஷின் சுர்ர் எண்டதுக்கு காரணம் இதுதான், மெஷினில பிழையே இல்லை. எர்த் இல்லாமல் விட்டா அதுக்குள்ள இருக்கிற கரண்ட் ஃபில்டரால வெளித் தகட்டில கொஞ்சம் வோல்டேஜ் நிக்குமாம். நாங்கள் புது மெஷின் வாங்க விலை கேட்டுக்கொண்டு திரிஞ்சனாங்கள்.

பிறகு மெகர் எண்டு ஒரு மீட்டர், வயருக்கு மேல இருக்கிற உறை நல்லமோ எண்டு காட்டுறது, அதால லைன் லைனாப் பாத்தவர். குசினி லைன் 0.2 மெகாஓம் காட்டிச்சுது, ஒண்டுக்கு மேல இருக்கோணுமாம். சீலிங்குக்கு மேல மரச்சட்டத்தில கிளிப் அடிச்சுப் போன சிவப்பு கறுப்பு வயர், கையால வளைச்சா ரப்பர் அப்பளம் மாதிரி உடையுது. லைட் லைன்ல எர்த்தே இல்லை. கடல் காத்துக்கு பிளக்குக்குள்ள டெர்மினல் எல்லாம் பச்சை பிடிச்சுக் கிடந்துது, மரீன் டிரைவ் பக்கம் இருக்கிற எல்லாருக்கும் இது இருக்கும், ஒருக்கா திறந்து பாருங்கோ, முதல் மெயினை ஓஃப் பண்ணிப்போட்டு.

ஒண்டரை மணித்தியாலம் இருந்தார். அடுத்த நாள் பின்னேரம் ரூல் பேப்பரில கையால எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். லைட், ஃபேன் பொயின்ட் 22, ஒண்டு 2,200. பிளக் பொயின்ட் 18, ஒண்டு 2,800. ஏசி ரெண்டும் குளிக்கிற சுடுதண்ணி ஹீட்டரும் தனி லைன், ஒண்டு 6,500. டீபீ கட்டுறது 15,000, எர்த் அடிச்சு டெஸ்ட் பண்ணித் தாறது 8,000. பழைய வயர் கழட்டுறது, சுவர் வெட்டுறது இதுக்குள்ள. திருப்பிப் பூசுறதும் பெயின்டும் வெளிய. கூட்டினா 141,300 கூலி. சாமான் ஒரு ரெண்டு லட்சம் வரும் எண்டு வயர் சைஸ், ரோல் எண்ணிக்கை எல்லாம் எழுதி விட்டிருந்தார். கிட்டத்தட்ட 340,000. கொம்பனியின்ர பீடிஎஃப்பை விட இந்த ரூல் பேப்பர்தான் எனக்கு எஸ்டிமேட் மாதிரி இருந்துது, எழுத்துப் பிழை நிறைய இருந்தாலும்.

"பொயின்ட்" எண்ட சொல்லில எல்லாரும் மாட்டுப்படுற இடம் ஒண்டு இருக்கு. ஒரு பாஸ் பொயின்ட் எண்டா சுவிட்ச்சும் பல்ப் ஹோல்டரும் சேத்து ஒண்டு எண்டுவார், இன்னொராள் சுவிட்ச் ஒண்டு ஹோல்டர் ஒண்டு ரெண்டு பொயின்ட் எண்டுவார், டூ வே (ஒரு லைட்டுக்கு ரெண்டு இடத்தில சுவிட்ச்) எண்டா மூண்டு எண்டுற ஆக்களும் இருக்கினம். ரெட்டை பிளக் ஒண்டா ரெண்டா? 1,800 எண்டு சொன்ன ஆள் எண்ணுற முறையில எண்ணியிருந்தா எங்கட 22 லைட் பொயின்ட் 40 தாண்டியிருக்கும். அதால விலை கேக்க முதல் "எண்ணிக் காட்டுங்கோ" எண்டு கூடவே நடவுங்கோ, சோக்கட்டியால சுவரில கீறச் சொல்லுங்கோ. எங்கட பாஸ் தானா கீறினவர், அம்மாவுக்குத்தான் சுவர் ஊத்தையாப் போச்சுது எண்டு கவலை, ரெண்டு நாள்ல அந்தச் சுவரையே வெட்டப் போறினம் எண்டு சொல்லியும் துடைக்கப் போனா.

சாமான் வாங்குறது. பாஸ் எங்கட பக்கத்து ஹாட்வெயார் ஒண்டைச் சொன்னவர், அங்க தனக்கு கொஞ்சம் கொமிஷன் இருக்கெண்டும் வெளிப்படையா சொன்னவர், வேணுமெண்டா புறக்கோட்டைக்குப் போய் வாங்குங்கோ லிஸ்ட் தாறன் எண்டவர். நான் கெட்டிக்காரன் எல்லோ, ஒரு சனிக்கிழமை முதலாம் குறுக்குத் தெருவுக்கு வெளிக்கிட்டன். நாலு கடை ஏறி இறங்கி, வேர்த்து விறுவிறுத்து, மொத்தத்தில ஒரு 14,000 மிச்சம் பிடிச்சன். அதில த்ரீவீலுக்கு 3,000 போச்சு, சுவருக்குள்ள புதைக்கிற சன்க் பொக்ஸ் ஆழம் குறைஞ்சது வாங்கிட்டன் எண்டு திருப்பி ஒருக்கா போனது, அரை நாள் லீவு. மற்றது, டஸனா மலிவுக்கு வாங்கின 13 ஆம்பியர் பிளக் டொப், பாஸ் ஒண்டைக் கழட்டிக் காட்டினார், உள்ளுக்க ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில ஒரு வெறும் கம்பித் துண்டு. குப்பையில போட்டம். திருப்பிச் செய்யுறதா இருந்தா வயரையும் டீபீயையும் மட்டும் விலை விசாரிச்சு வாங்குவன், மிச்சத்தை பக்கத்துக் கடையில எடுத்துடுவன், கொமிஷன் போனாப் போகட்டும்.

வயரில மட்டும் விலை பாக்காதேங்கோ. களனி, ஏசீஎல் எண்டு இங்க செய்யுற வயர்கள் இருக்கு, ரோல்ல எஸ்எல்எஸ் தர முத்திரை அடிச்சிருக்கும். லைட்டுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67, ஹீட்டருக்கு 7/0.85 எண்டு கடையில கேட்டா விளங்கும். 7/0.67 எண்டா 0.67 மில்லிமீட்டர் கம்பி ஏழு, கணக்குப் பாத்தா ரெண்டரை ஸ்கொயார் எம்எம் வரும். பாஸ் ஒவ்வொரு ரோலின்ர நுனியையும் வெட்டி எண்ணிப் பாத்துத்தான் எடுத்தவர், ஒரு ரோலை கையில தூக்கிப் பாரம் பாத்தே சரி எண்டவர். எங்கட சாமான் பில்லில பாதி வயர்தான், 112,000. 2022 மார்ச்சில டொலர் 200 இல இருந்து ரெண்டு மாசத்தில 360 க்கு ஏறினது ஞாபகம் இருக்குமே, செம்பு வெளியால இருந்து வாறது, அண்டைக்கு ஏறின வயர் விலை பழைய இடத்துக்கு வரவே இல்லை. மேல 2024 ஜனவரியில இருந்து வட் வரி 18 வீதம். 2019 இல தெரிஞ்ச ஆக்கள் குடுத்த விலையை வச்சுக்கொண்டு பாஸ்மாரோட சண்டை பிடிக்கிறதில பிரயோசனம் இல்லை.

மிச்ச சாமான்: டீபீ, டிரிப் சுவிட்ச், எம்சீபீ எல்லாம் சேத்து 34,000. சுவிட்ச், பிளக் 52,000, இதில என்ர மனுசியின்ர பங்கு பெரிசு, ஹோலுக்கு மட்டும் கண்ணாடி மாதிரி மினுங்குற ஒரு மொடல் வேணுமெண்டு நிண்டவ, சாதாரண வெள்ளை எடுத்திருந்தா ஒரு 18,000 குறைஞ்சிருக்கும். கொண்டூட் (வயர் போற குழாய்), சன்க் பொக்ஸ், கிளிப், டேப் 21,000. எர்த் கம்பியும் அதின்ர குழியும் 9,500. மொத்தம் 228,500. ரெண்டு லட்சம் எண்டு எழுதினதில இருந்து கூடினது ஏன் எண்டா, முன் ரூமில பழைய கொண்டூட்டையே பாவிக்கலாம் எண்டு நினைச்சவர், உள்ளுக்க சிமெந்து இறுகி அடைச்சுக் கிடந்துது, சுத்தி வெட்டிப் போனதில வயர் கூடப் போச்சு. மற்றது மனுசியின்ர கண்ணாடி சுவிட்ச்.

வேலை ஒம்பது நாள், சொன்னது ஏழு. ஒரு நாள் கூட கரண்ட் முழுசா இல்லாமல் விடேல்ல, பின்னேரம் போக முதல் ஃப்ரிட்ஜுக்கும் ஒரு ஃபேனுக்கும் லைன் குடுத்துப்போட்டுத்தான் போறவர், இதுக்கு முழு மார்க். ஹட்டன் பெடியன் நல்ல கெட்டிக்காரன், சுவர் வெட்டேக்க எங்க தண்ணி பைப் போகுது எண்டு அம்மாட்ட கேட்டுக் கேட்டு வெட்டினவன். "அம்மா, இதுல அடிச்சா தண்ணி வருமா?" எண்டு கேப்பான், அம்மா கண்ணை மூடி யோசிச்சு 1978 க்குப் போய் வந்து சொல்லுவா. ஒரு இடமும் உடையேல்ல. அட்வான்ஸ் எண்டு கூலியில ஒரு சதமும் முதல்ல கேக்கேல்ல, மூண்டு நாளுக்கு ஒருக்கா செய்த அளவுக்கு குடுத்தன், கடைசி 15,000 ஐ டெஸ்ட் முடியும் வரைக்கும் பிடிச்சு வச்சன், அவரே அப்பிடிச் செய்யச் சொன்னவர்.

பழைய உருண்டை பின் அஞ்சு ஆம்பியர், 15 ஆம்பியர் பிளக் எல்லாம் போய் இப்ப வீடு முழுக்க சதுரப் பின் 13 ஆம்பியர், நாட்டுக்கு ஸ்டாண்டர்டும் இப்ப அதுதான். ஹீட்டர் மட்டும் பிளக்கில இல்லை. எங்கட ஹீட்டர் 3,500 வொட், 230 ஆல பிரிச்சா 15 ஆம்பியர் தாண்டுது, அதை இவ்வளவு காலமும் ஒரு பழைய 15 ஆம்பியர் பிளக்கில குத்தி வச்சிருந்தம், பிளக் பழுப்பு நிறமாப் போனது ஊத்தை எண்டு நான் நினைச்சது. இப்ப தனி லைன், தனி 20 ஆம்பியர் எம்சீபீ.

த்ரீ ஃபேஸ் (மூண்டு லைனில வாற பெரிய கனெக்‌ஷன்) எடுக்கோணுமா எண்டு கேட்டன், கொம்பனி கட்டாயம் எண்டு சொன்னது. பாஸ் பேப்பரில கணக்குப் போட்டார். எங்கட மீட்டர் 30 ஆம்பியர், 230 ஆல பெருக்கினா 6,900 வொட். ஹீட்டர் 3,500, ரெண்டு ஏசியும் ஒரு 2,200, கேத்தில் 2,000, ஒண்டா ஓடினா 7,700. "மாத்தயா குளிக்கிற நேரம் மிஸ்ஸி தேத்தண்ணி வைக்காட்டி சரி" எண்டார். த்ரீ ஃபேஸ் எடுக்கேல்ல. எடுக்கிறதெண்டா அது கரண்ட் தாற இடத்தில அப்ளிகேஷன் போட்டு அவையளுக்கு கட்டுற காசு, மீட்டரையும் அதுக்கு முன்னால இருக்கிற வயரையும் வீட்டுப் பாஸ் தொடக்கூடாது, மீட்டர் சீல் உடைக்கிறன் எண்டு ஆராவது சொன்னா விடாதேங்கோ. மீட்டர் பக்கம் பொறி பறக்குது, சர்வீஸ் வயர் தொங்குது எண்டா 1987 எண்ட மின்சார அவசர நம்பருக்கு அடியுங்கோ. நுகேகொடை, கோட்டே பக்கம் லெகோ எண்ட மற்ற மின்சாரக் கொம்பனியின்ர லைன்ல இருக்கிற ஆக்கள் லெகோவுக்கு.

இனி குறை. ஃபோன் எடுக்க மாட்டார். வட்ஸ்அப்பில நீல டிக் விழும், பதில் வராது, அடுத்த நாள் காலம ஆள் வாசல்ல நிப்பார். ஹோலில ரெண்டு சுவிட்ச் பொக்ஸ் சரிவு, லெவல் வச்சுத்தான் பூட்டினது எண்டு சாதிச்சவர், நான் லெவல் வச்சுக் காட்டின பிறகு "வீடு சரிவு" எண்டவர். தூசி எண்டா அப்பிடி ஒரு தூசி, மூடி வைக்க பொலிதீன் கொண்டு வரேல்ல, புத்தக அலுமாரி துடைச்சு முடிக்க ரெண்டு கிழமை. பின்பக்க பாத்ரூம் எக்ஸ்ஹோஸ்ட் ஃபேன் பொயின்டுக்கு காசு வாங்கியாச்சு, ஃபேன் பூட்டேல்ல, "வாறன் வாறன்" எண்டு இந்தா தீவாளியும் போச்சு. பூச்சு வேலைக்கு நான் தனிய மேசன் பிடிச்சன், ரெண்டு நாள் 11,000, சிமெந்து மணல் 4,200. பெயின்ட் ஹோலும் முன் ரூமும் மட்டும், 46,000. வயரிங் செய்யுறதெண்டா பெயின்ட் அடிக்க முதல் செய்யுங்கோ, 2024 தீவாளிக்கு அடிச்ச பெயின்டைத்தான் இந்தமுறை வெட்டினது, அதை நினைச்சா இப்பவும் நெஞ்செரியுது.

அஞ்சுக்கு நாலு குடுப்பன். எக்ஸ்ஹோஸ்ட் ஃபேன் பூட்டியிருந்தா நாலரை.

முழு வயரிங் தேவையில்லாத ஆக்களுக்கு, 2025 ஐ ஒட்டின ஒரு வருசத்தில நானும் தங்கச்சியும் சின்ன வேலைகளுக்குக் குடுத்தது சொல்லுறன். அவ இருக்கிறது தெஹிவளை ஃபிளட் ஒண்டில. சீலிங் ஃபேன் ஒண்டு கழட்டிப் பூட்ட 2,000. கேசிங் (சுவருக்கு மேலால வயர் போற பிளாஸ்டிக் மூடி) போட்டு ஒரு புது 13 ஆம்பியர் பிளக், கூலி 3,500, சாமானோட 6,000 கிட்ட. டிரிப் சுவிட்ச் மட்டும் மாத்த கூலி 3,000, சுவிட்ச் தனி. சும்மா வந்து பாக்க 2,000 இல இருந்து 3,500, இது ஒரு வேலை எண்டாலும் அஞ்சு வேலை எண்டாலும் அதேதான், அதால பல்ப் ஹோல்டர், பெல், ஆடுற பிளக் எல்லாத்தையும் ஒரு பேப்பரில எழுதிச் சேத்து வச்சு ஒரே நாள்ல கூப்பிடுங்கோ. நாள் கூலிக்கு எண்டா பாஸுக்கு 5,000, கையாளுக்கு 3,000 எண்டு தங்கச்சி குடுத்தவ. ஃபிளட்டில கோங்கிரீட் சுவர், வெட்ட விடமாட்டினம், கேசிங்தான், வடிவு குறைவு, காசும் குறைவு.

கடைசியா, வேலை முடிஞ்ச ஞாயிறு பின்னேரம் நடந்தது. எல்லாம் டெஸ்ட் பண்ணி, எர்த் பாத்து, டிரிப் பட்டன் அமத்தி எனக்கும் அம்மாவுக்கும் காட்டி, மாசத்துக்கு ஒருக்கா அமத்துங்கோ எண்டு சொல்லி, பாஸ் அந்த 15,000 ஐ எண்ணிக்கொண்டிருக்கிறார். டக் எண்டு வீடு முழுக்க கரண்ட் போச்சு. ஏத்தினார். திருப்பி டக். பாஸின்ர முகம் மாறிட்டுது, காசை மேசையில வச்சிட்டு டீபீக்கு ஓடினார். நான் ரூமுக்குள்ள எட்டிப் பாத்தா அம்மா கையில அயன் பொக்ஸ். கிழமைக்கு வேணுமான சீலையெல்லாம் அவ ஞாயிறு பின்னேரம்தான் அயன் பண்ணுறவ, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில இருந்து. பாஸ் அந்த அயன் பொக்ஸை வாங்கி மீட்டர் வச்சுப் பாத்தார், வயர் கழுத்தடியில விட்டு இரும்போட முட்டிக் கிடக்குது. 2019 இல எந்தக் கிழமை டிரிப் விழுந்தது எண்டு கேட்டார். சொன்னன். மனுசன் ஒண்டும் சொல்லேல்ல, பெடியன்தான் வாயைப் பொத்திக்கொண்டு வெளிய போட்டான்.

புது அயன் பொக்ஸ் 7,900, அதை மேல சொன்ன கணக்கில சேக்கேல்ல. அம்மா இப்பவும் வாறவை போறவைக்குச் சொல்லுறது, "நாலு லட்சம் குடுத்து வயரிங் செய்தாங்கள், என்ர நல்ல அயன் பொக்ஸ் வேலை செய்யாமல் போச்சு" எண்டு.